ஏழுமடி மலையின் தோள்

"மேல எவனோ ஓடையை மறிச்சு வெச்சிருக்கான். அவன் கை வெளங்காமப் போகணும்!"

பெத்தணன் கல்வீட்டு வாசலில் நின்று கத்தினார். உள்ளே வரவில்லை. கோபத்தோடு வருகிறவர்கள் வாசல்படி தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். ஆகவே பெத்தணன் அந்த வீட்டை உள்ளே பார்த்ததைவிட வெளியே பார்த்ததுதான் அதிகம்.

ஊரார் யோசனை கேட்டு வருகிற கல்வீட்டம்மா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எவன்?"

"தெரிஞ்சா இங்க ஏன் வர்றேன்? நேரா அவன் வீட்டுக்குல்ல போயிருப்பேன்."

"போயி?"

"சட்டையைப் புடிச்சு இழுத்தாந்து நடு ஓடையில நிறுத்தியிருப்பேன். திறந்து விடுடான்னு."

அம்மா உமியை ஊதினாள்.

பெத்தணன் மாட்டுத் தரகர். சந்தையில் துண்டை விரித்து, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். ஒரு விரலை அழுத்தினால் ஒரு விலை, இரண்டை அழுத்தினால் இன்னொரு விலை. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடம் போகாதவர். சந்தைப் புழுதியில் மிதிபட்டு, மாட்டிடமும் மனுஷனிடமும் உதை வாங்கி, தானாக மேலே ஏறி வந்தவர். பெத்தணனிடம் பேசி ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை என்று சந்தையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் பெத்தணன்தான்.

அம்மாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஒரே மகளைப் பறிகொடுத்துவிட்டுப் பித்துப் பிடித்தவர்போல் மலையேறி வந்தவருக்கு அவள் ஒரு செம்பு கஞ்சி கொடுத்தாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் அவருக்குத் தாயி. அவளுக்கு விறகு பிளந்து கொடுப்பார். அவள் சொன்னதைக் கேட்பார். கேட்டுவிட்டு எதிர்வாதம் பண்ணுவார்.

"ஓடை வத்துனா உங்களுக்கென்ன தரகரே? மாடு நிறைய விலைக்கு வரும். உங்களுக்குத் தரகு."

பெத்தணனின் குரல் சட்டென்று இறங்கியது.

"அதான் தாயி தாங்கல. கறவை மாட்டையெல்லாம் அடிமாட்டு லாரிக்கு ஏத்துறாங்க. துண்டுக்கடியில கையை விட்டா, விக்கிறவன் விரல் நடுங்குது. விலை சொல்ல மாட்டேங்குறான். என் விரலைப் புடிச்சுக்கிட்டே நிக்கிறான். அந்தத் தரகு எனக்கு வேணாம்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"கடப்பாரை இருக்கா?"

"இருக்கு."

"எடுத்துக்கங்க. மறிச்ச இடத்தை உடைக்கணும்ல?"

இப்படி ஒரு உருப்படியான உபதேசம் இத்தனை காலத்தில் அவருக்குக் கிடைத்ததே இல்லை. பெத்தணன் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

மேற்குத் தொடர்ச்சியில் ஏழுமடி மலையைக் கீழிருந்து பார்த்தால், யாரோ பச்சைச் சேலையைக் கொசுவி வைத்ததுபோல இருக்கும். மடிப்புக்குள்ளெல்லாம் இருட்டாகச் சோலை. மடிப்புக்கு மேலே மரமே இல்லாத புல்வெளி. மடியில் சோலை, தோளில் புல் என்பார்கள் மலைக்காரர்கள். மேகம் மேற்கேயிருந்து வந்து அந்தத் தோளில்தான் சாயும். மடிக்கு ஒரு ஓடை. சித்திரை வெயிலில் கீழே பாறை வெடித்தாலும் ஓடையில் கால் வைத்தால் குளிரில் கூசும்.

இந்த வருஷம் தை பிறந்தபோதே மணல் தெரிந்தது.

வற்றிய ஓடைக்குள்ளேயே இருவரும் ஏறினார்கள். முதலில் ஒரு பங்களாத் தோட்டம் வந்தது. வேலியைத் தாண்டி ஒரு குழாய் ஓடைக்குள் இறங்கியிருந்தது.

"புடிச்சேன்!" என்றார் பெத்தணன்.

காவல்காரன் பீடியோடு வந்தான்.

"யோவ்! உங்க மொதலாளி தண்ணியைத் திருடுறானா?"

"குழாய்ல காதை வெச்சுப் பாருங்க பெரியவரே."

பெத்தணன் காதை வைத்தார். உள்ளே ஏதோ ஊர்ந்தது. எடுத்துவிட்டார்.

"பல்லி" என்றான் காவல்காரன். "நாங்களே லாரித் தண்ணி வாங்குறோம். குளிச்சு நாளாச்சு. கிட்ட வராதீங்க."

அம்மா சிரித்தாள். பெத்தணன் சிரிக்கவில்லை. அவருக்கு உடைக்க ஏதாவது வேண்டியிருந்தது.

அதற்கு மேலே, ஓடைக்குக் குறுக்கே ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. கடப்பாரையை நெம்பி, வியர்த்து, வசை பாடி, அதைப் புரட்டித் தள்ளினார். பின்னால் சருகு. சருகுக்கடியில் இன்னும் சருகு.

சோலைக்குள் நுழைந்தார்கள். பாசி காய்ந்து பாறையிலிருந்து உரிந்து தொங்கியது. பெத்தணன் நின்று காலைத் தூக்கிப் பார்த்தார். மறு காலையும் பார்த்தார்.

"என்ன தேடுறீங்க?"

"அட்டை கடிக்கலையே தாயி."

"சந்தோஷம்தானே?"

அட்டை கடிக்காத சோலையை அவர் அன்றுதான் பார்த்தார். சொந்தக்காரன் வீட்டுக்குப் போய், நாய்கூடக் குரைக்காமல் கிடக்கிற முற்றத்தில் நிற்பது மாதிரி இருந்தது.

சோலை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வாசனை வந்துவிட்டது.

தைல வாசனை.

பெத்தணனின் நடை மாறியது. கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்கி, சத்தம் வராமல் கையில் பிடித்துக்கொண்டார். தூங்குகிற பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் நுழைகிற ஆள்போல.

"எம்மக தோப்பு" என்றார்.

மலையின் தோள் முழுக்கத் தைல மரங்கள். வெள்ளை வெள்ளையாக, நெட்டுக்குத்தலாக, பட்டை உரிந்து, வானத்தைத் தொடப் போகிற மாதிரி. காற்றில் இலைகள் சலசலத்தன. தண்ணீர் ஓடுகிற சத்தம் போலவே இருந்தது.

மகள் பவுன்தாயிக்குப் பிறந்ததிலிருந்து இளைப்பு. ராத்திரியெல்லாம் நெஞ்சு விசிலடிக்கும். நெஞ்சிலும் முதுகிலும் தைலம் தேய்த்து, அந்த வாசனையில்தான் மூச்சு இறங்கும். பெத்தணனின் உள்ளங்கை எப்போதும் தைலம் மணக்கும். சந்தையில் துண்டுக்கடியில் கைகொடுத்தவன் மூக்கைச் சுளிப்பான். ஒரு மழைக் காலத்தில் தைலத்துக்கும் மூச்சு இறங்கவில்லை.

அவள் போன பிறகு அவரால் அந்த வாசனை இல்லாமல் தூங்க முடியவில்லை. அவள் பேருக்கு ஒரு தோப்பு வைக்க வேண்டும் என்று கிளம்பினார். தைல மரத் தோப்பு. ஊரில் ஒரு அடி இடத்துக்கு ஆயிரம் சண்டை. மலையின் தோளோ மொட்டையாக, சும்மா கிடந்தது.

"நல்லா வளர்ந்திருக்கு" என்றாள் அம்மா.

"ஒத்தைக் கன்னு பட்டுப் போகல தாயி. அப்படிப் புடிச்சுக்கிச்சு."

"இடம் யார் குடுத்தா?"

"மலைக்கார மூப்பன்தான். செத்துப் போயிட்டாரு. லேசுல குடுக்கல. தோள்ல எதையும் ஊனக் கூடாது, கன்னுக்குட்டி கட்ட முளைக்குச்சிகூட அடிக்க மாட்டோம்னாரு. வருஷத்துக்கு ஒருக்கா பால் பொங்கல் வைக்க ஏறுனாக்கூட, கல்லைக் கூட்டி மேல சட்டியை வெச்சுட்டு, பொங்குன பெறகு கல்லை எடுத்த இடத்துலயே வெச்சுருவாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பெத்தணனின் முகத்தில் பழைய சந்தைக் களை ஒரு கணம் வந்துபோனது.

"மொட்டைத் தலைக்கு முடி முளைச்சா சாமி கோவிச்சுக்குமான்னு கேட்டேன். மரம் நட்டா புண்ணியமா பாவமான்னு கேட்டேன். அவருக்குப் பதில் சொல்லத் தெரியல. பேசத் தெரியாத மனுஷன். சாயங்காலம் வரைக்கும் விடல நான். கடைசியில எம்மக பேரைச் சொன்னேன். தலையைக் குனிஞ்சுட்டாரு."

"குனிஞ்சு?"

"என்னைக் கேக்காத, மலையைக் கேளுன்னாரு."

"கேட்டீங்களா?"

"மலை வாயைத் திறக்காது, நீ திறன்னேன். சரின்னுட்டாரு."

அவர் பேசி ஜெயித்ததிலேயே பெரிய பேரம் அது. யாரிடமும் சொல்லிப் பீற்றிக்கொள்ளாததும் அது ஒன்றுதான். ஏன் என்று அவருக்கே தெரியாது.

தோப்பின் ஓரத்தில் ஒரு பெரிய பாறை. அதைச் சுற்றி மட்டும் கன்று நட முடியாமல் ஒரு பாய் அளவுக்குப் பழைய புல் மிஞ்சியிருந்தது. அம்மா அங்கே போய் உட்கார்ந்தாள்.

"துண்டைப் போடுங்க தரகரே."

"எந்த மாட்டுக்கு?"

"போடுங்க."

பெத்தணன் எதிரே உட்கார்ந்து தோள் துண்டை எடுத்து விரித்தார். ரெண்டு கையையும் அடியில் நீட்டினார். அம்மா எங்கோ குனிந்தாள், எழுந்தாள், எங்கோ போய் வந்தாள். துண்டுக்கடியில் அவருடைய வலது கையில் எதையோ வைத்தாள்.

"பார்க்கக் கூடாது. விரல் என்ன சொல்லுது?"

பெத்தணன் கண்ணை மூடினார். விரல்கள் பிசைந்தன.

"மண்ணு. கனமா இருக்கு. குளுகுளுன்னு... வேர் பின்னிக் கெடக்கு. அமுக்குனா ஈரம் வருது." அவர் குரலில் ஆசை ஏறியது. "நல்ல சரக்கு தாயி. இதுக்கு விலையே கிடையாது."

இடது கையில் இன்னொன்று விழுந்தது.

"இது?"

"இது தூளு. சாம்பல் மாதிரி. புடிச்சா நிக்க மாட்டேங்குது." உதட்டைப் பிதுக்கினார். "இது செத்துப் போனது. சும்மா குடுத்தாலும் வேணாம்."

"துண்டை எடுங்க."

எடுத்தார்.

அம்மா வலது கையைத் தொட்டுவிட்டு, உட்கார்ந்திருந்த புல்லைக் காட்டினாள். இடது கையைத் தொட்டுவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் காட்டினாள்.

பெத்தணன் திரும்பவில்லை.

வலது கையிலிருந்து ஒரு சொட்டு முழங்கை வரைக்கும் வழிந்து வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாறைக்கும் தோப்புக்கும் நடுவே பத்து எட்டு தூரம் இருக்காது. அதே மலை. அதே மழை.

பிறந்ததிலிருந்து புல்லை நம்பிப் பிழைத்த ஆள் அவர். மாட்டின் சாணத்தைப் பார்த்தே அது எந்தக் கரட்டில் மேய்ந்தது என்று சொல்லுவார். புல் தண்ணீரைக் கட்டி வைக்கும் என்பது மட்டும் அவருக்குத் தட்டுப்படவில்லை. மொட்டை என்று நினைத்துவிட்டார்.

"மரம் வெச்சா மழை வரும்னு ஊரே சொல்லுது" என்றார்.

"சொல்லுது."

"நான் கெட்டது நினைச்சு வைக்கல."

"இல்லை."

"அப்புறம்?"

அம்மா கடப்பாரையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

பெத்தணன் கையிலிருந்த ரெண்டு மண்ணையும் கீழே வைத்தார். துண்டை உதறினார். இந்தத் தடவை அவரே விரித்தார்.

"பேசுவோம் தாயி."

அம்மா துண்டுக்கடியில் கையை நீட்டினாள்.

பெத்தணன் அஞ்சு விரலையும் விரித்து அவள் கையில் வைத்தார்.

"பாதி. பாதித் தோப்பை வெட்டிடுறேன். பாதி அவளுக்கு."

அம்மா அவருடைய கட்டைவிரலை மடக்கினாள். அடுத்த விரலையும் மடக்கினாள்.

"இருங்க, இருங்க. பாதி வேணாம். ஓரமா ஒரு வரிசை. ஒரு வரிசை என்ன குடிச்சுறப் போகுது?"

இன்னொரு விரல் மடங்கியது.

"மூணு மரம். சரி, ரெண்டு. தாயி, ரெண்டு மரம் ஒரு கன்னுக்குட்டி குடிக்கிற தண்ணி குடிக்குமா?"

மடங்கியது.

சுண்டுவிரல் மட்டும் நின்றது.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் பெத்தணன். "மொத மொத நட்டது. அந்தக் குழியில அவ தைலக் குப்பியைப் போட்டு மூடியிருக்கேன். அதை மட்டும் விட்டுருங்க. ராத்திரி மூச்சு முட்டுனா நான் ஏறி வந்து அதுக்கடியிலதான் படுக்குறேன். அவ மூச்சு அதுலதான் இருக்கு."

அம்மா அந்தச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். மடக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தாள். சந்தையில் மாட்டை விற்கிறவன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல.

பிறகு மடக்கினாள்.

துண்டுக்கடியில் வெறும் முஷ்டி.

பெத்தணன் கையை உருவினார். எழுந்தார். துண்டு கீழே விழுந்தது.

"நீ பெத்தவளா?" இத்தனை காலத்தில் முதல் தடவையாக அவளை நீ என்றார். "ஒரு புள்ளையைப் பெத்து, நெஞ்சு ஏறி இறங்குறதைப் பார்த்துக்கிட்டு ஒரு ராத்திரி முழிச்சிருக்கியா?"

"இல்லை."

"இருந்திருந்தா மடக்கியிருக்க மாட்ட. வெட்டுன்னு சொல்ல வந்துட்ட!"

"நான் வெட்டச் சொல்லலை. விலை கேட்டீங்க. விலை அதுதான்."

"இந்த விலைக்கு நான் பேசல. கல்லுல வீடு கட்டி உனக்கு உள்ளயும் கல்லாப் போச்சு. இனி உன் வாசலுக்கு நான் வந்தா..."

சத்தியத்தை முடிக்க வார்த்தை கிடைக்கவில்லை. கடப்பாரையைப் பாறையில் எறிந்துவிட்டு இறங்கினார். துண்டையும் எடுக்கவில்லை. வந்த வழியில் ஓடை இருக்கிறது. வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு இறங்க அவருக்குத் தெம்பில்லை. மறுபக்கத்து ஒற்றையடிப் பாதையில் விழுந்து நடந்தார். அம்மா பின்னால் கூப்பிடுவாள் என்று ஒரு வளைவு வரைக்கும் நினைத்தார். கூப்பிடவில்லை.

பாதி இறக்கத்தில் ஊற்றாயி சாமியின் கல். ஆளுயரப் பாறை, மஞ்சள் துணி, முன்னால் ஒரு அம்மி. அம்மியின் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து, ஒரு கையால் குழவியை உருட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறு கை மணிக்கட்டில் வீங்கியிருந்தது.

"அண்ணே, அண்ணே! சாமி மாதிரி வந்தீங்க. இதைக் கொஞ்சம் அரைச்சுத் தாங்க."

பெத்தணன் தாண்டிப் போகத்தான் பார்த்தார்.

"நீங்க ஏன் மொகத்தை இப்படி வெச்சிருக்கீங்க? நீங்களும் மாட்டை வித்துட்டீங்களா?"

அவர் நின்றார்.

"விக்க வெச்சேன்" என்றார்.

அவளுக்கு அது காதில் விழவில்லை. "எம்பேரு குருவம்மா. பள்ளத்துப்பட்டி. ஒரு பசு, ஒரு கிடாரி. பசுவை அடிமாட்டுக்குத் தள்ளியாச்சு. கிடாரிக்கு ரெண்டு மைல் நடந்து கொடம் சுமக்குறேன். அதுல கை சுளுக்கி இந்தக் கோலம். உக்காருங்கண்ணே."

உட்கார்ந்தார். அம்மியில் மிளகாய் வற்றல் குவிந்திருந்தது.

"இது எதுக்கு?"

"தெரியாதா? என்னண்ணே நீங்க, இந்த மலைக்காரர் மாதிரி இறங்கி வர்றீங்க! களவு குடுத்தவுக இங்க வந்து மிளகா அரைச்சு ஆத்தா மேல அப்பணும். களவாண்டவன் எங்க இருந்தாலும் உடம்பு காந்தும். எடுத்ததைத் திருப்பிக் குடுக்குற வரைக்கும் அடங்காது."

"யாரு மேல அப்புற?"

"எங்க ஓடையைக் கொண்டுபோனவன் மேல."

பெத்தணன் குழவியைப் பிடித்தார்.

"தண்ணி வேணுமே அரைக்க."

அவள் இடுப்பிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. "குடிக்கக் கொண்டாந்தேன். பரவாயில்ல, ஆத்தாளுக்காச்சு." மிளகாயின் மேல் சிக்கனமாகத் தெளித்தாள்.

பெத்தணன் அரைத்தார். வீட்டில் மகளுக்குச் சுக்கு அரைத்த கை. வேகமாகத்தான் அரைந்தது. நெடி ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கத் துண்டு இல்லை.

"பார்த்துண்ணே, கையால கண்ணைத் தொட்டுறாதீங்க."

"தாயி" என்றார் அவர். பிறகு, "தங்கச்சி" என்று மாற்றினார். "அவன் தெரியாமச் செஞ்சிருந்தா?"

குருவம்மா சிதறிய மிளகாயைக் குழவிக்கடியில் தள்ளிவிட்டாள்.

"தெரியாமச் செஞ்சாலும் தண்ணி வரலையேண்ணே."

குழவி உருண்டது.

"அவனுக்கு ஏதாச்சும் ஒரு கஷ்டம் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும். யாருக்குத்தான் இல்ல? அதை எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா நானும் கூட உக்காந்து அழுதிருப்பேன். ஓடை என்னண்ணே பண்ணுச்சு?"

பெத்தணனின் உள்ளங்கை எரிந்தது. விரல் இடுக்கெல்லாம் எரிந்தது. நிறுத்தவில்லை. மிளகாய் விழுதாகிற வரைக்கும், விழுது வெண்ணெயாகிற வரைக்கும் அரைத்தார். இவ்வளவு நைசாகத் தேவையில்லை என்று அவள் சொன்னதும் அவருக்குக் கேட்கவில்லை.

குருவம்மா விழுதை நல்ல கையால் வழித்தெடுத்தாள். பாறையில் அப்பினாள். நெற்றியில் அப்பினாள், மார்பில் அப்பினாள், கை எட்டுகிற இடமெல்லாம் அப்பினாள். பெத்தணன் அம்மியின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். காந்துகிற ரெண்டு கையையும் மடியில் விரித்து வைத்திருந்தார்.

அவள் மலையை அண்ணாந்து பார்த்தாள். மூச்சைப் பிடித்துக் கூவினாள்.

"நீ யாரோ, எந்த ஊரோ, எனக்குத் தெரியாது! நீ நாசமாப் போகணும்னு நான் கேக்கல. உன் புள்ளைகுட்டி நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். இனியாச்சும் எந்திரிச்சு வா. நீயே வந்து சரி பண்ணிக் குடு!"